பல் மாஸ்டரின் இத்தாலி அலமாரி

பல் மாஸ்டர் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். முப்பத்தொரு வருடத் தொழில் பழக்கம், லேசில் விடுமா? ஒருமுறை வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டிருந்தபோது இவர் குறுக்கே புகுந்து, "மேல் பல் செட் பேசும்போது தொங்குதே, யார் செஞ்சது?" என்று கேட்டுவைத்தார். வீடு கைநழுவிப் போனது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

மாஸ்டர் டாக்டர் இல்லை. டாக்டரம்மா முன்னறையில் உட்கார்ந்து நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அந்த அச்சு பின்னறைக்கு வரும். பின்னறையில் இருப்பது மாஸ்டரின் ராஜ்யம். அச்சில் பிளாஸ்டரை ஊற்றி வார்ப்பு எடுப்பது, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக அடுக்குவது, பிறகு மெழுகைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்துப் பசையை அடைத்து, பித்தளை டப்பாவில் முடுக்கி வெந்நீரில் வேகவைப்பது எல்லாமே அவர் பாடு. செட் தயாரானதும் முன்னறைக்குப் போகும். அங்கே டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்வார்கள். மாஸ்டர் கதவிடுக்கு வழியாக அந்தச் சிரிப்பை மட்டும் ஒரு நொடி பார்த்துக்கொள்வார்.

இந்தத் தொழிலில் பாதி வேலை, பாதி காத்திருப்பு. பிளாஸ்டர் இறுக முக்கால் மணி நேரம். டப்பா வெந்நீரில் வேக ஒன்றரை மணி நேரம். முன்பெல்லாம் அடுப்புப் பக்கத்திலேயே நின்று கொதியைக் காவல் காக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஈறெல்லாம் பொத்தல் விழுந்துவிடும். ஒன்பது வருடத்துக்கு முன் டாக்டரம்மா தானே சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தொட்டி வாங்கிப் போட்டார். கூடவே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு மணி அடிக்கும் கடிகாரம். அன்றைக்குத்தான் மாஸ்டருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பகல் நேரத்தில் தொண்ணூறு நிமிடம் சும்மா கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தெருவைக் கடந்து எதிரே இருந்த நூலகத்துக்குள் போனார். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

விசிறி சுற்றியது. ஆனால் ஒவ்வொரு பேப்பரையும் ஒருவர் பிடித்துவைத்திருந்தார். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு ஒருவர் வராந்தாவுக்கே போய்விட்டார். ஆளில்லாத ஒரே மூலையில் ஓர் அலமாரி. அதில் ஒரே உயரம், ஒரே பச்சை அட்டை, நாற்பத்தொரு புத்தகம். ஏதோ ஒரு பதிப்பகம் பதினோரு வருடம் விடாப்பிடியாக இத்தாலிய நாவல்களைத் தமிழில் கொண்டுவந்து, நாற்பத்தொன்றோடு மூச்சு வாங்கி நின்றுபோயிருக்கிறது. மாஸ்டர் முதல் புத்தகத்தை எடுத்தார். முதலில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான்காம் பக்கத்தில் ஒரு வயதான நோட்டரி வருகிறார். யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால், முதலில் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். பிறகுதான் உயிலைப் படிப்பார். பொக்கை வாயால் சொல்லும் செய்திக்கு யாரும் அடிக்க வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

"இந்த எழுத்தாளருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று மாஸ்டர் வாய்விட்டே சொல்லிவிட்டார். பேப்பர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. அன்றிலிருந்து வேலை நாள் தவறாமல், டப்பா தொட்டிக்குள் போனதும் மாஸ்டர் இத்தாலிக்குப் போவார். மணி அடித்ததும் திரும்பி வருவார். கடல் தாண்டாமல், பாஸ்போர்ட் இல்லாமல், ஒன்பது வருடத்தில் இருபத்தாறு நாவல். மூடுபனி இறங்கும் ஆற்றங்கரை ஊர், ரயில் வராத ரயில் நிலையம், உப்பளத்தில் சண்டை போடும் அண்ணன் தம்பி, பாதிரியாரிடம் பொய்யாகப் பாவமன்னிப்பு கேட்கும் கிழவி என்று எல்லாம் அத்துப்படி. நீள நீளமான பெயர்கள் மட்டும் வாயில் நுழையவில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கதைக்குள் நுழைந்ததும் ஆளுக்கு ஓர் உறவு முறை கொடுத்துவிடுவார். பெரிய மருமகள், சீக்காளி மச்சான், ஒன்றுவிட்ட சித்தி. இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் கதை சொல்வதும் அப்படித்தான்.

"இன்னைக்கு அந்த சீக்காளி மச்சான் என்ன பண்ணினான் தெரியுமா?"

"உங்க இத்தாலிச் சொந்தக்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா? முதல்ல ரசத்தை ஊத்திக்குங்க."

மனைவி கூரியர் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருபவள். நாள் முழுக்க மற்றவர்களின் அவசரத்தை எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டி அலுத்து வருவாள். கதையை ஒரு காதால் கேட்பாள், மறு காதால் குக்கர் விசிலை எண்ணுவாள் என்றுதான் மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இத்தனை நாவல் படித்த மாஸ்டர், அதில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. உறுப்பினர் அட்டையே வாங்கவில்லை. பின்னறை முழுக்க பிளாஸ்டர் தூசி, அங்கே புத்தகம் வைத்தால் உருப்படாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது மரியாதை இல்லை என்று அவர் நினைத்தார். நான்கு பேர் படிக்கிற புத்தகத்தை ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்து வைக்கலாமா?

நான்கு பேர் படிக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அடையாளங்களால். அந்த வாசிப்பறையில் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. விட்ட இடத்தில் அவரவர் அடையாளம் வைக்கலாம், அடுத்தவர் அடையாளத்தைத் தொடக் கூடாது. மாஸ்டரின் அடையாளம் பிளாஸ்டர் டப்பாவின் அட்டையில் வெட்டிய ஒரு துண்டு. அவர் புத்தகங்களில் இன்னும் மூன்று அடையாளங்கள் நடமாடின. முக்கோணமாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று. சிவப்புக் கம்பளி நூல் ஒன்று. மூன்றாவது பளபளக்கும் மிட்டாய்த் தாள். அந்த மிட்டாய்த் தாள்தான் மாஸ்டரின் வயிற்றெரிச்சல். எப்போது பார்த்தாலும் அவரைவிட ஐம்பது பக்கம் முன்னால் போயிருக்கும். சில சமயம் அடுத்த புத்தகத்துக்கே தாவியிருக்கும். யாரோ பல் முழுக்கச் சொத்தை விழுந்த ஆள், நம்மிடம் செட் கட்ட ஒருநாள் வந்தே தீருவான் என்று மாஸ்டர் தன்னைத் தேற்றிக்கொள்வார். நேரம் ஒத்துப்போகாததால் மூவரில் ஒருவரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

வினை வந்தது ஒரு திங்கட்கிழமை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த நூலகர் அம்மா, கையில் ஒரு தாளோடு பச்சை அட்டை வரிசையின் முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், ஏதாவது தேடறீங்களா?"

"தேடல சார், கழிக்கிறேன். அஞ்சு வருஷமா யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத புத்தகத்தை எல்லாம் எடுத்துடச் சொல்லி உத்தரவு. இதுல பாருங்க, நாப்பத்தொண்ணுல ஒண்ணுலகூட ஒரு தேதி முத்திரை இல்ல. புதுச் சட்டை மாதிரி இருக்கு."

"எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"காகித ஆலைக்குப் போகும். கூழ்."

"நான் விலை குடுத்து வாங்கிக்கறேனே?"

"தனியாருக்குத் தரக் கூடாது சார். முன்னாடி யாரோ நல்ல புத்தகத்தை எல்லாம் கழிச்சதா எழுதி வித்துத் தின்னுட்டாங்களாம். அதனால நேரா ஆலைக்குத்தான்."

"மேடம், இந்தப் புத்தகத்தை நாலு பேர் படிக்கிறோம்! அடையாளத்தைப் பாருங்க."

நூலகர் மிட்டாய்த் தாளை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார். "நான் நம்பறேன். ஆனா பதிவேடு மிட்டாய்த் தாளை நம்பாது சார். அடுத்த வாரம் வியாழக்கிழமை தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆய்வாளர் வர்றார். அன்னைக்கு வெளியில போயிருக்கிற புத்தகத்தைத் தொட மாட்டார். உள்ள இருந்தா மூட்டை கட்டிடுவார்."

"ஒரு ஆள் எத்தனை எடுக்கலாம்?"

"ஒரு அட்டைக்கு ரெண்டு."

மாஸ்டர் மனக்கணக்குப் போட்டார். இருபத்தொரு ஆள் வேண்டும். கையில் பத்து நாள். அடுத்தவருக்கு விட்டுக் கொடுக்கிறோம் என்று நினைத்து ஒன்பது வருடமாக நாமே அந்தப் புத்தகங்களுக்குக் குழி வெட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்னும் பதினைந்து நாவல் பாக்கி. இருபத்தேழாவதில் நாற்பது பக்கம்தான் போயிருந்தார். அதில் ஒரு கடிகாரக் கடைக்காரரின் மகள் அப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று தெரியாமலே சாவதா?

அன்றைக்கு மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. ஒரு மேல் செட் பத்து நிமிடம் கூடுதலாக வெந்தது.

மறுநாள் அவர் மூன்று சீட்டு எழுதினார். "இந்தப் புத்தகத்தைக் கூழாக்கப் போகிறார்கள். புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு இதே இடத்துக்கு வரவும். இப்படிக்கு, அட்டைத் துண்டு." ஒவ்வோர் அடையாளத்தோடும் ஒன்றைச் செருகினார்.

புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். பஸ் டிக்கெட் முக்கோணம், காரோட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் அக்கா. சிவப்புக் கம்பளி நூல், பக்கத்து வங்கியின் காவலாளி. மீசை மட்டுமே ஒரு முழம் இருக்கும்.

"கார் கத்துக்குடுக்கறவங்க பஸ்லயா வர்றீங்க?" என்றார் மாஸ்டர்.

"ரோட்டுல ஓடுற கார்ல பாதி நான் கத்துக்குடுத்தவங்க ஓட்டறது. தெரிஞ்சே நானும் ரோட்டுல இறங்கணுமா?" என்றார் அக்கா. காவலாளியிடம் திரும்பி, "நீங்க கம்பளி நூலா? நான் யாரோ பெரியம்மான்னு நினைச்சேன்."

"மகளுக்கு மஃப்ளர் பின்னறேன்" என்றார் காவலாளி கம்பீரமாக. "வங்கியில கொள்ளைக்காரங்க தினமுமா வர்றாங்க?"

கூழ் விவகாரத்தைப் பேசத்தான் கூடினார்கள். ஆனால் ஒரே புத்தகங்களைப் படித்த மூன்று பேர் ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுச் சந்தித்தால் என்ன ஆகும்? ஐந்தாவது நிமிடத்தில் நோட்டரி நாவலுக்குப் போய்விட்டார்கள்.

"அந்த நோட்டரி, கதையில வர்ற சின்னப் பையனுக்கு மாமா முறை. கூட்டிட்டுப் போய்க் காப்பி வாங்கித் தர்றாரே, அது மாமா பண்ற வேலை" என்றார் காவலாளி.

"மாமாவா? அப்பாவோட அண்ணன்ங்க! பெரியப்பா! ஒன்பதாம் அத்தியாயம் திரும்பப் படிங்க" என்றார் அக்கா.

"மொழிபெயர்த்தவரே மாமான்னுதான் போட்டிருக்கார்."

"அவருக்குப் பாவம் ஒன்பதாம் அத்தியாயம் வர்ற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. அவங்க ஊர்ல மாமா, பெரியப்பா, சித்தப்பா எல்லாருக்கும் ஒரே சொல்லாம்."

"ஒரே சொல்லா? அப்ப கல்யாணம் காட்சி வந்தா யாரு எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

"அதான் அந்த நாவல்ல அத்தனை சண்டை" என்றார் மாஸ்டர்.

நூலகர் மேசையைத் தட்டினார். பேப்பர்க்காரர்கள் முறைத்தார்கள். மூவரும் அன்றே அட்டை வாங்கினார்கள். ஆளுக்கு இரண்டு, ஆறு புத்தகம். தான் படித்துக்கொண்டிருந்த இருபத்தேழை மட்டும், பகலில் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று, மாஸ்டர் அலமாரியிலேயே விட்டுவைத்தார். மிட்டாய்த் தாள் வரவே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாஸ்டர் கதை எதுவும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, ரகசியச் சீட்டு வைக்கிறவர் கையெழுத்தையாவது மாத்தி எழுதக் கூடாதா? 'இ'ங்கிறதை அந்த மாதிரி சுழிக்கிறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

மாஸ்டரின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"நீயா? மிட்டாய்த் தாள் நீயா?"

"மத்தியானம் அரை மணி சாப்பாட்டு நேரம். ஆபீஸ்ல உக்காந்தா அங்கயும் வந்து 'மேடம், ஒரே ஒரு கவர்'னு நிப்பாங்க. அதான் அங்க போயிடுவேன்."

"நான் செட் கட்டறவன். என் பொண்டாட்டி தினம் மிட்டாய் சாப்பிடறாளா?"

"முதல்ல இத்தாலியப் பத்திக் கேளுங்க, மிட்டாயைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"சரி. எத்தனையாவதுல இருக்க?"

"இருபத்தொன்பது."

"அப்ப நான் இத்தனை வருஷமா சொன்ன கதை எல்லாம்..."

"படிச்சதுதான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களே. அந்தக் கிழவி பொய்யா பாவமன்னிப்பு கேக்கறதை நீங்க நடிச்சுக் காட்டினது, புத்தகத்துல இருக்கறதைவிட நல்லாவே இருந்துச்சு." மனைவி எழுந்து தட்டுகளை எடுத்தாள். "எனக்கும் ஒரு அட்டை போடுங்க. ரெண்டு புத்தகம் என் பேர்ல. கடிகாரக் கடைக்காரர் பொண்ணைப் பத்தி மட்டும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க, வாய் தவறிச் சொல்லிடுவேன்."

எட்டுப் புத்தகம் ஆயிற்று. இன்னும் முப்பத்து மூன்று. வியாழக்கிழமை முழுக்க மாஸ்டர் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தார். மெழுகு கொண்டுவருபவர் "எனக்கு எங்க சார் நேரம்" என்றார். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் இத்தாலி என்றதும் அது எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றாவது மனிதர் எடுக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முன்னறையில் டாக்டரம்மா ஒரு நோயாளியைக் கடிந்துகொள்வது பின்னறைக்குக் கேட்டது. புதுச் செட் போட்ட ஓய்வுபெற்ற கண்டக்டர் அவர்.

"பேச்சு குழறுதுன்னு எங்கிட்ட வந்து சொல்றீங்க. தினமும் கால் மணி நேரம் சத்தமா படிக்கச் சொன்னேனே, படிச்சீங்களா?"

"படிச்சேன் டாக்டர். மின்சார பில்லைப் படிச்சேன். அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு."

மாஸ்டர் கையிலிருந்த மெழுகுக் கத்தியை அப்படியே கீழே வைத்தார். புதுச் செட் போட்ட யாருக்கும் நாக்கு பழக வேண்டும்; அதற்குச் சத்தமாகப் படிக்க வேண்டும்; டாக்டரம்மா எல்லோருக்கும் அச்சடித்த தாள் கொடுக்கிறார்; ஒருத்தரும் செய்வதில்லை. காரணம், படிக்க உருப்படியாக எதுவும் கையில் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அவர் கதவைத் தட்டாமல் முன்னறைக்குள் நுழைந்தார்.

"டாக்டர், போன ரெண்டு மாசத்துல முழு செட் போட்டவங்க எத்தனை பேர்?"

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்ன மாஸ்டர், மாத்திரைக்குப் பதிலா இத்தாலி நாவல் எழுதிக் குடுக்கணுமா?"

"பக்க விளைவு எதுவும் கிடையாது டாக்டர்."

"அழுகை வராதா?"

"மூணு நாவல்ல வரும். அதை வாய் நல்லா பழகினவங்களுக்குக் குடுத்துடலாம்."

டாக்டரம்மா சிரித்து முடித்தபிறகு பெயர்ப்பட்டியலை எடுத்துப்போட்டார். தன் பெயரிலும் இரண்டு எடுப்பதாகச் சொன்னார், படிப்பதாகச் சொல்லவில்லை. பத்தொன்பது பேருக்குத் தொலைபேசியில் அழைப்பு போனது. பதினைந்து பேர் வந்தார்கள், கண்டக்டரோடு சேர்த்துப் பதினாறு. திங்களும் செவ்வாயும் நூலகத்து மேசை முன்னால் வரிசை. கண்டக்டர்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினார், கேட்காமலே, பழக்கதோஷம். "முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள இடம் இருக்கு!" நூலகர் அம்மா முத்திரை மை தீர்ந்து பக்கத்து அஞ்சலகத்தில் கடன் வாங்கினார். மாஸ்டர் அலமாரி அருகே நின்று ஆள் பார்த்துப் புத்தகம் கொடுத்தார். 'ச' உச்சரிப்பில் காற்று போகிறவருக்கு உப்பளத்துச் சண்டை. கீழ்ச் செட் ஆடுகிறவருக்கு நீண்ட வாக்கியம் இல்லாத ரயில் நிலையம். ஒரு தலைமை ஆசிரியை நாற்பத்தொன்றாவது புத்தகத்தை ஒற்றையாக வாங்கிக்கொண்டு, "கடைசின்னா கடைசி, முடிவு தெரிஞ்சுட்டா நிம்மதி" என்றார்.

எல்லாம் ஓடிய அவசரத்தில் ஒரு காரியம் நடந்துபோனது. கண்டக்டர் கையில் போன இரண்டு புத்தகங்களில் ஒன்று இருபத்தேழு. மாஸ்டர் கவனித்தபோது முத்திரை விழுந்துவிட்டது. கேட்டு வாங்க வாய் வரவில்லை. அவர்தானே மருந்து என்று சொல்லிக் கொடுத்தவர்?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாஸ்டர் ஒரு பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பறையில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் வந்தார். நேர்த்தியான மனிதர், முன்பற்கள் இரண்டும் இயற்கை, கடைவாய்ப் பல் ஒன்று உலோகத் தொப்பி போட்டது. நூலகர் அம்மா முகமெல்லாம் மலர, பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

"நாப்பத்தொண்ணும் வெளியில போயிருக்கு சார். ஒரே வாரத்துல."

"பிரமாதம். அப்ப இதையெல்லாம் கழிக்க வேண்டியதில்ல." பட்டியலில் நாற்பத்தொரு வரியையும் ஒரே கோட்டில் அடித்தார். மாஸ்டர் மூச்சை விட்டார். ஆய்வாளர் திரும்பினார். காலி அலமாரியைப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம். இதை ஏன் சும்மா வெச்சிருக்கீங்க? போட்டித் தேர்வுக் கையேடு முந்நூறு வந்து தரையில கிடக்கு. இன்னைக்கே இதுல அடுக்கிடுங்க."

"சார், அந்தப் புத்தகமெல்லாம் திரும்பி வரும்போது..."

"வரும்போது பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வாசிப்பறை அமைதியாக இருந்த அந்த நொடியில் மாஸ்டரின் சட்டைப்பையில் மணி கிணுகிணு என்று அடித்தது. அதை நிறுத்தத் தெரியாதவர் போல அவர் எழுந்து, அப்படியே அடிக்கவிட்டபடி தெருவைக் கடந்து போனார். புத்தகங்கள் தப்பின. இடம் போனது.

பதினான்கு நாள் கழித்துத் தவணை வந்தபோது நூலகர் அம்மாதான் வழி சொன்னார். உள்ளே வந்தால் வைக்க இடமில்லை. வெளியே இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே உள்ளே வரவே வேண்டாம். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இருபத்தொரு பேரும் வாசிப்பறைப் பெஞ்சில் கூடுகிறார்கள். கையோடு கை மாற்றுகிறார்கள். நூலகர் முத்திரை குத்துகிறார். சத்தத்தைப் பற்றி இப்போது பேப்பர்க்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். நோட்டரி மாமாவா பெரியப்பாவா என்பதில் பெஞ்சு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பச்சை அட்டை வரிசையாக நிற்கும் அந்தக் காட்சி மட்டும் இனி கிடையாது. எந்தப் புத்தகம் எந்த வீட்டில் எந்தக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று நினைத்தால் மாஸ்டருக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. நினைத்தவுடன் எட்டி எடுத்த காலம் முடிந்தது.

இருபத்தேழு கண்டக்டரிடமே இருந்தது. முதல் சனிக்கிழமை கேட்டபோது, "இன்னும் பாதிகூட ஆகல மாஸ்டர். டாக்டர் கால் மணி நேரம்னு சொன்னாங்க, கால் மணி நேரம்தான் படிக்கிறேன். ஒரு நாளைக்கு மூணு பக்கம்" என்று மறுபடி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். இரண்டாவது சனிக்கிழமையும் அதே. மூன்று பக்கம் என்றால் இன்னும் எத்தனை நாள் என்று மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கை அழித்தார். வீட்டிலோ முழுக்கதையும் தெரிந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து மிட்டாயை வெளிப்படையாகவே மென்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டப்பாவைத் தொட்டியில் இறக்கிவிட்டு, மாஸ்டர் மூன்று தெரு தள்ளியிருந்த கண்டக்டர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்.

"என்ன மாஸ்டர், செட்டைப் பார்க்க வந்தீங்களா?"

"ஆமா. இல்ல. நீங்க எப்ப படிப்பீங்க?"

"இப்பத்தான் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். உக்காருங்க."

கண்டக்டர் கண்ணாடியை மாட்டினார், தொண்டையைச் செருமினார், நிறுத்தம் அறிவிக்கிற குரலில் தொடங்கினார். கடிகாரக் கடைக்காரரின் மகள் துறைமுக ஊரில் இறங்கி, பெட்டியோடு ஒரு மாடிப்படி அடியில் நிற்கிறாள். மேலே யார் வீடு என்று அவளுக்குத் தெரியும். அவள் வருவது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. படி ஏறலாமா, திரும்பிப் போகலாமா என்று அவள் நிற்கிற இடத்தில் கண்டக்டரின் வாயிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. இடது பக்கம் கீழ்ச் செட் தூக்குகிறது. அரை மில்லிமீட்டர் இருக்கும். மாஸ்டரின் கண் தன்னையறியாமல் அங்கே போனது. அடுத்த வரியிலும் ஒரு டக்.

கண்டக்டர் படிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. பல்லா, கதையா? ஒண்ணு சொல்லுங்க மாஸ்டர். பல்லுன்னா இப்பவே கழட்டித் தர்றேன்."

"பல்லு எங்கயும் ஓடிப்போகாது, நாளைக்கு வாங்க, பார்த்துக்கலாம்" என்று மாஸ்டர் நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவ படி ஏறினாளா இல்லையா, அதைப் படிங்க."